நால்வர் சுமந்த படுக்கை



கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வந்த நிகழ்வை மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கூட்டத்தின் நடுவே வழி கிடைக்காததால், கூரையைத் திறந்து படுக்கையோடு அவரை இயேசுவின் முன் இறக்கினார்கள். "மற்ற மூவரும் பிடித்துக்கொள்வார்கள்" என்று அவர்களில் ஒருவர் கையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இக்கேள்வி நம் பள்ளிகளுக்கும் பொருந்தும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாப் பள்ளிகளும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, பிறரோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. இன்று 21 வகைகள் உள்ளன. கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. எனவே, வகுப்பாசிரியரும் சிறப்பாசிரியரும் ஒரே பிள்ளைக்காக இணைந்து உழைக்க வேண்டியுள்ளது.

இப்பணியை எப்படிப் பகிர்ந்துகொள்வது? ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் ஒரு சிறுமியை எண்ணிப் பார்ப்போம். அறிவியல் பாடத்தில் அவள் எதைக் கற்க வேண்டும் என்பதை வகுப்பாசிரியர் அறிவார். எவ்வழியில் கற்பாள் என்பதைச் சிறப்பாசிரியர் அறிவார். செடிக்கு ஒளி ஏன் தேவை என்பதை ஒருவர் விளக்க, மற்றவர் படமும் பெரிய எழுத்தும் கொண்ட தாளைத் தயாரிக்கலாம். விடையை வாய்மொழியாகச் சொல்ல அவளுக்கு வாய்ப்பளிக்கலாம். லின் குக், மெரிலின் ஃப்ரெண்ட் என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1995-இல் இத்தகைய இணைக் கற்பித்தலை வகைப்படுத்தி எழுதினார்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து இருவரும் ஒரே பாடத்தை நடத்தலாம். குழுக்களை மாற்றி மாற்றிக் கற்பிக்கலாம். ஒருவர் நடத்த மற்றவர் பிள்ளைகளைக் கவனிக்கலாம். ஆனால் எப்போதும் ஒருவரே நடத்தி, மற்றவர் உதவியாளர்போல் ஓரத்தில் நின்றால் அது இணைப்பணி ஆகாது.

பாடம் நடத்துவதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. மதிப்பெண் இடுபவர் யார்? பெற்றோரிடம் பேசுபவர் யார்? பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகளுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிப்பவர் யார்? "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருவரும் நினைத்தால், சலுகை கிடைக்காமல் தேர்வறையில் தவிப்பது அந்தச் சிறுமிதான். ஆகவே ஆண்டின் தொடக்கத்திலேயே இவற்றைப் பெயரிட்டு எழுதி வைப்பது நலம். பல இடங்களில் ஒரே சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சென்று வருகிறார். அவர் வராத நாள்களுக்காக இருவருக்கும் பொதுவான ஒரு குறிப்பேடு தேவை. வாரத்தில் அரை மணி நேரமாவது இருவரும் அமர்ந்து பேசத் தலைமையாசிரியர் கால அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டும்.

"அது உங்கள் பிள்ளை" என்று வகுப்பாசிரியர் சிறப்பாசிரியரிடம் சொல்லும்போது, அப்பிள்ளை வகுப்பில் இருந்தும் வகுப்பைச் சேராதவளாகிறாள். "நம் பிள்ளை" என்று இருவரும் சொல்லும்போதுதான் அவள் உண்மையிலேயே அவ்வகுப்பைச் சேர்ந்தவளாகிறாள்.

பெற்றோர்களே, பிள்ளையின் குறைபாட்டை மறைக்காமல் இரு ஆசிரியரையும் சேர்த்தே சந்தியுங்கள். பள்ளி நிர்வாகப் பொறுப்பில் உள்ளோரே, சிறப்பாசிரியர் நியமனத்தை வீண் செலவாகக் கருதாதீர்கள். மறைக்கல்வி வகுப்பிலும் இதே அக்கறையைக் காட்டுவோம். புதுநன்மைத் தயாரிப்பில் எந்தப் பிள்ளையும் பின்தங்கிவிடாதபடி இருவர் இருவராகப் பொறுப்பேற்போம்.

தம் முன் இறக்கப்பட்டவரை மட்டுமல்ல, அவரைச் சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையையும் ஆண்டவர் கண்டார். நம் பிள்ளைகளை அவரிடம் கொண்டு சேர்க்கும்வரை நம் கைகள் தளராதிருக்க அவரே அருள் புரிவாராக!