வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்!

எங்கள் ஆரணியில் பட்டுத்தறி உள்ள வீடுகளில் பெண்களுக்கும் தார் சுற்றுவது, நூல் இழைப்பது என்று நாள் முழுக்க உட்கார்ந்த வேலைதான். சிறுநீர் நிறம் மாறினால், "உடம்பு சூடு, மோர் குடிச்சா சரியாப் போயிடும்" என்பார்கள் பெரியவர்கள்.

என் பெரிய நாத்தனாருக்கு மாதவிலக்கு நின்று பத்து வருஷமாகிறது. ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி, எரிச்சல் இல்லை. இரண்டே நாளில் தானாக நின்றும் விட்டது. ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தபோதுதான், "வலிக்கலையேம்மா, அதான் சொல்லலை" என்றார். ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் கட்டி! ரத்தக்குழாய்க்குள்ளும் வளர ஆரம்பித்திருந்தது.

டாக்டர் படம் வரைந்து விளக்கினார். புற்றுக்கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும்வரை முழுசாக எடுத்துவிட வாய்ப்பு அதிகம். 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால், பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்து சிறுநீரகத்தைக் காப்பாற்றி விடலாமாம். நாள் கடந்தால் சுற்றியுள்ள கொழுப்புக்கும், மேலே தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் பரவலாம். இந்தக் கட்டிக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. சிறுநீரகத்திலிருந்து ரத்தம் திரும்பும் குழாய்க்குள் கொடி மாதிரி நுழைந்து, வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாகச் சிலருக்கு இதயம் வரை போய்விடும். துணுக்கு பிய்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் ஆபரேஷனுக்கு இதய டாக்டரும் சேர்ந்து நிற்க வேண்டிவரும். விலாவில் வலி, கையில் தட்டுப்படும் கட்டி எல்லாம் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியும்.

நாத்தனாருக்கு அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். மீதி ஒன்றை வைத்துக்கொண்டு நன்றாக நடமாடுகிறார். டாக்டர் சொன்ன தேதியில் செக்கப் போகத் தவறுவதில்லை.

சிறுநீரில் ரத்தம் வந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். கல், கிருமித் தொற்றாலும் வரும். ஆனால் எதனால் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது. சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்துவிடுங்கள். பீடி, சிகரெட், அதிக எடை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல். எங்கள் பக்கத்தவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யும், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும் தூரமில்லை. 2012-ல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், மருத்துவமனையில் முதலிலேயே காட்டிக் கேளுங்கள்.

சகோதரிகளே, கூச்சப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள். வீட்டில் வயதான மாமியார், அம்மா இருந்தால், "சிறுநீர் சரியாப் போகுதா? நிறம் எப்படி இருக்கு?" என்று நீங்களாகவே ஒரு வார்த்தை கேளுங்கள்.

- ஒரு வாசகி, ஆரணி.