சக்கையில் பிறக்கும் காகிதம்

சாறு பிழிந்தபின் எஞ்சும் கரும்புச் சக்கையைப் பிரயோஜனமற்ற வஸ்துவென்று நாம் எண்ணுவது சகஜமே. ஆயினும், மரத்தை வெட்டிக் கூழாக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவிற்றென்பதையும், அதற்கு முன்னர் பல நூற்றாண்டுகளாகக் கந்தல் துணியும் சணலும் மரப்பட்டையுமே காகிதத்துக்கு ஆதாரமாயிருந்தன என்பதையும் நினைத்தால், காட்டை அழித்தே காகிதம் செய்யவேண்டுமென்ற நியதி ஏதுமில்லை என்பது விளங்கும்.

இதற்குப் பிரத்தியட்ச சாட்சி, கரூர் மாவட்டத்துப் புகழூரை அடுத்த காகிதபுரம். டி.என்.பி.எல். என்று மக்கள் வழங்கும் அங்குள்ள காகித ஆலை, தமிழக அரசால் 1979-ல் தோற்றுவிக்கப்பட்டு, 1984-ல் உற்பத்தியைத் தொடங்கியபோது, ஆண்டுக்கு 90,000 டன் காகிதம் செய்யும் திறனோடு, சக்கையையே பிரதான மூலப்பொருளாகக் கொண்டிருந்தது.

சக்கை இலவசமாகக் கிடைக்கிறதென்று பேசுவோர் சர்க்கரை ஆலையின் கணக்கைப் பார்க்காதவர்கள். அங்கே கொதிகலனுக்கு அதுவே விறகு. ஆகவே அதைப் பெறவேண்டுமாயின் அதற்கு ஈடாக நிலக்கரியோ நீராவியோ கொடுத்தாக வேண்டும். மேலும், கரும்பு அரைவை ஆண்டில் சில மாதங்களே நடக்க, காகித ஆலையோ ஓய்வின்றி ஓடவேண்டியிருப்பதால், வந்த சக்கையை மலைபோல் குவித்து, அது கெட்டுப்போகாதபடி நீர் தெளித்து ஈரமாகவே காக்கிறார்கள். நார்களுக்கிடையே பஞ்சுபோல் இருக்கும் சோற்றுப்பகுதி காகிதத்துக்கு உதவாது. அதை முன்னதாகவே பிரித்துக் கொதிகலனுக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய நாரைக் காரத்தில் வேகவைத்துக் கூழாக்குகிறார்கள்.

விஷயத்தின் ஜீவநாடி இதற்குப் பின்னர்தான் இருக்கிறது. வெந்த கூழிலிருந்து வடியும் கறுப்புத் திரவத்தைச் சுண்டவைத்து எரித்து, வெப்பத்தையும் காரத்தையும் மீட்கும் சாதனம் பெருமுதல் இன்றி அமையாது. அஃதில்லாத சிற்றாலை அத்திரவத்தை ஆற்றில் விடுமானால், அது மரத்தைக் காத்தும் மீனைக் கொன்றதாகவே முடியும். சக்கைக்குப் பதிலாக வைக்கோலைக் கூழாக்குவதில் சங்கடம் இன்னும் அதிகம்: அதிலுள்ள சிலிகா என்னும் மணற்சத்து மீட்புச் சாதனங்களில் படிந்து அடைத்துக்கொள்ளும், தவிர, வைக்கோலை மாட்டின் வாயிலிருந்து பறிக்கவேண்டும் என்பதையும் நம் நிபுணர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்! புகழூர் ஆலையிலோ, சுத்திகரித்த கழிவுநீர் அக்கம்பக்கத்து உழவர் வயல்களுக்கே பாசனமாகிறது. அதில் கரும்பும் விளைகிறது.

எனினும் சக்கையின் நார் குட்டையானது. ஆதலால் அங்கும் மரக்கூழ் உபயோகத்தில் இருக்கிறது. அதற்கு வேண்டிய சவுக்கையும் தைலமரத்தையும் உழவர்களும் தங்கள் நிலங்களில் பயிரிட்டு ஆலைக்கு விற்கிறார்கள்.