மருந்துச்சீட்டு முதல் மேனிக்யூர் வரை... ஆங்கில வார்த்தைகளைத் திறக்கும் லத்தீன் சாவிகள்!

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறீர்கள். கையில் மருந்துச்சீட்டு. மாத்திரையின் பெயருக்குப் பக்கத்தில் ‘பி.டி’, ‘பி.சி’ என்று ஏதோ கிறுக்கியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் இருப்பவரோ ஒரு நொடிகூட யோசிக்காமல், ‘‘காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு... சாப்பிட்ட அப்புறம் போடுங்க’’ என்று கவரில் குறித்துக் கொடுத்துவிடுகிறார். அவருக்கு மட்டும் எப்படிப் புரிந்தது?

அந்த எழுத்துகள் ஆங்கிலச் சுருக்கங்கள் அல்ல. லத்தீன்! ‘பிஸ் இன் டையி’ என்றால் நாளைக்கு இரண்டு முறை. ‘போஸ்ட் சிபம்’ என்றால் உணவுக்குப் பின். உணவுக்கு முன் என்றால் ‘ஆன்ட்டே சிபம்’, அதாவது ஏ.சி. ‘ஆன்ட்டே’ முன், ‘போஸ்ட்’ பின். இந்த இரண்டு வார்த்தைகளும் உங்கள் செல்போனிலேயே தினமும் கண்ணில் படுகின்றன. ஏ.எம் என்பது ‘ஆன்ட்டே மெரிடியம்’, நண்பகலுக்கு முன். பி.எம் என்பது ‘போஸ்ட் மெரிடியம்’, நண்பகலுக்குப் பின். போஸ்ட்மார்ட்டம்? இறப்புக்குப் பின். அவ்வளவுதான் விஷயம்!

சீட்டின் மேலே, ஆர் எழுத்தின் காலில் குறுக்குக்கோடு போட்டதுபோல ஒரு குறி இருக்குமே... அது ‘ரெசிபி’ என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். ‘எடுத்துக்கொள்’ என்று பொருள். ஆமாம், நாம் யூடியூபில் தேடும் அதே ரெசிபிதான். ஆங்கிலத்தில் முதலில் மருந்துக்கு இருந்த வார்த்தை, பிறகுதான் சமையலறைக்குள் நுழைந்தது.

லத்தீன் எப்படி உள்ளே வந்தது?

1066-ல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம், இங்கிலாந்தைப் பிடித்தார். அதன்பின் வந்த சில நூற்றாண்டுகளுக்கு அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சுக்குத்தான் மரியாதை. பிரெஞ்சு, லத்தீனின் மகள். தேவாலயத்திலும் பல்கலைக்கழகத்திலும் நேரடியாக லத்தீனே இருந்தது. இப்படிப் பல வாசல்கள் வழியாக லத்தீன் வார்த்தைகள் ஆங்கிலத்துக்குள் குடியேறின.

அதனால்தான் ஆங்கிலத்தில் ஒரே விஷயத்துக்கு வீட்டுக்கு ஒரு சொல், ஆபீஸுக்கு ஒரு சொல் இருக்கிறது. ‘ஆஸ்க்’ என்பது வீட்டுச் சொல். ரயில்வே ஸ்டேஷன் கவுன்டரில் எழுதியிருக்கும் ‘என்கொயரி’ லத்தீன் வழி வந்தது. ஆங்கிலத்தில் கஷ்டமாகத் தெரியும் பெரிய வார்த்தைகளில் பாதிப் பயம் இதனால்தான். பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும்.

ஒரு வேர், ஒரு குடும்பம்

‘மேனுஸ்’ என்றால் கை. ‘க்யூரா’ என்றால் கவனிப்பு. இரண்டும் சேர்ந்தால் மேனிக்யூர், கைக்குச் செய்யும் பராமரிப்பு. ‘பெட்’ என்றால் பாதம். பெடிக்யூர் இப்போது சொல்லாமலே புரியும். சைக்கிள் பெடல், நடந்துபோகும் பெடஸ்ட்ரியன் எல்லாம் அதே பாதத்தின் உறவினர்கள்தான்.

அந்த ‘க்யூரா’வுக்குக் கவலை என்றும் ஒரு பொருள் உண்டு. ‘செ’ என்றால் இல்லாமல். செக்யூர் என்றால் கவலை இல்லாமல் இருப்பது! அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் இருந்தால் நாம் நிம்மதியாகத் தூங்குகிறோமே, அதேதான்.

‘ஸ்க்ரிப்’ என்றால் எழுது. முன்னாடி எழுதிக் கொடுப்பது பிரிஸ்கிரிப்ஷன். கையால் எழுதியது மேனுஸ்கிரிப்ட். ‘சப்’ என்றால் கீழே. பத்திரத்தின் அடியில் பெயர் எழுதிச் சம்மதம் சொல்வதுதான் முதலில் சப்ஸ்கிரைப். சேனலுக்கு அடியில் இருக்கும் பட்டனை இனி அழுத்தும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு வேரைப் பிடித்தால் நாலைந்து வார்த்தைகள் சேர்ந்தே வரும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணுவதைவிட இது சுலபம்; சீக்கிரம் மறக்கவும் மறக்காது.

ஆனால், எல்லா நேரமும் நம்பாதீங்க!

பீடியாட்ரீஷியன் என்ற போர்டைப் பார்த்து, ‘பெட் என்றால் பாதம், அப்போ இவர் கால் டாக்டர்’ என்று முடிவு கட்டினால் தப்பு. அவர் குழந்தைகள் டாக்டர். அது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒன்று, ஊர் வேறு.

இன்னொன்று கொஞ்சம் ஆபத்தானது. ‘இன்’ வந்தால் ‘இல்லை’ என்று பொருள் என நமக்குப் பழகிவிட்டது. இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது. அப்படியானால் டேங்கர் லாரியின் பின்னால் எழுதியிருக்கும் ‘இன்ஃப்ளேமபிள்’? தீப்பிடிக்காதது என்று நினைத்தால் போச்சு! இங்கே ‘இன்’ என்பது ‘உள்ளே’ என்ற பொருளில் வருகிறது. சட்டெனத் தீப்பற்றக்கூடியது என்பதுதான் அர்த்தம். இந்தக் குழப்பம் உயிரை வாங்கிவிடக் கூடாது என்றுதான் 1920-களிலேயே அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கம், ‘ஃப்ளேமபிள்’ என்று மட்டும் எழுதும்படி வலியுறுத்தியது.

மருந்துச்சீட்டிலும் இந்தக் கண்ணிகள் உண்டு. எஸ்.ஓ.எஸ் என்று இருந்தால் பதற வேண்டாம். ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்பதன் லத்தீன் சுருக்கம் அது. ஓ.டி என்றால் பொதுவாகத் தினம் ஒரு வேளை. கண் டாக்டர் எழுதினால் அதே ஓ.டி ‘ஆக்குலஸ் டெக்ஸ்டர்’, அதாவது வலது கண்! சொட்டு மருந்தை ‘தினம் ஒரு முறை’ என்று இரண்டு கண்ணிலும் விட்டுக்கொள்வதா, வலது கண்ணில் மட்டும் விடுவதா? இங்கே யூகம் வேலைக்கு ஆகாது.

அதனால், பேப்பர் படிக்கும்போதும் தேர்வு எழுதும்போதும் தாராளமாக வேரைப் பிடித்து யூகியுங்கள். பிறகு டிக்‌ஷனரியில் ஒருமுறை சரிபாருங்கள். மருந்து, ரசாயனம் என்று வந்துவிட்டால் மட்டும், ‘‘எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா, எந்தக் கண்?’’ என்று வாய்விட்டுக் கேட்டு, தமிழிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்!