பில் 8,500 ரூபாய், கட்டியது 8,600 ரூபாய்!

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. இன்டெர்நெட் இணைப்பும் வந்து விட்டது. இனி கரன்ட் பில், டெலிபோன் பில், வீட்டு வரி எதற்கும் க்யூவில் நிற்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே கட்டி விடலாம் என்று சந்தோஷமாக இருக்கிறீர்களா? அந்த சந்தோஷத்தைக் கெடுக்க நான் வரவில்லை. ஆனால் ‘பே நவ்’ என்ற பட்டனை கிளிக் செய்வதற்கு முன்பு, அதற்கு மேலே சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு வரியைப் படிக்கச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் பெரியப்பா ரிட்டையர் ஆன பிறகுதான் கம்ப்யூட்டர் வாங்கினார். முதல் வேலையாக அரையாண்டு வீட்டு வரியை இன்டெர்நெட்டில் கட்டினார். கட்டி முடித்த கையோடு எனக்கு போன். “ஏன்டா, வரி 8,500 ரூபாய்தான். கார்டுல 8,600 ரூபாய் 30 காசு எடுத்திருக்கான். கம்ப்யூட்டர் இருந்தா செலவு மிச்சம்னு நீதானே சொன்னே?”

நான் என்ன பதில் சொல்வது? கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் கட்டியது கிரெடிட் கார்டில். 8,500 ரூபாய்க்கு 1 சதவீதம் கட்டணம் 85 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 15 ரூபாய் 30 காசு. ஆக 100 ரூபாய் 30 காசு கூடுதல். வரி கட்டுவதற்கான கட்டணத்துக்கும் ஒரு வரி! பெரியப்பாவுக்கு 100 ரூபாய் போனதை விட, அந்த 15 ரூபாய் 30 காசுதான் அதிகம் உறுத்தியது.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது?

நீங்கள் கார்டு நம்பரை டைப் செய்து ஓ.டி.பி. கொடுத்தவுடன், பணம் நேராக அந்த அலுவலகத்தின் கணக்குக்குப் போய் விடுவதில்லை. முதலில் ‘பேமென்ட் கேட்வே’ என்ற இடைப்பட்ட நிறுவனத்துக்கு விவரம் போகிறது. அங்கிருந்து பணத்தைப் பெறும் தரப்பின் வங்கி, அதன் பிறகு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க், கடைசியில் உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி. அது ‘சரி’ என்று சொன்ன பிறகு பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. எல்லாம் சில விநாடிகளில். ஆனால் இந்த வரிசையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதற்காக விற்பனையாளரிடம் வசூலிக்கும் கட்டணத்துக்கு எம்.டி.ஆர். என்று பெயர்.

ஜவுளிக் கடையில் கார்டைத் தேய்த்தால் இந்தக் கட்டணத்தைக் கடைக்காரர் தன் லாபத்தில் இருந்து கொடுக்கிறார். நமக்குத் தெரிவதே இல்லை. வரி விஷயம் அப்படி இல்லை. 8,500 ரூபாய் வரி என்றால் முழுத் தொகையும் கணக்கில் வந்தாக வேண்டும், அதில் 85 ரூபாயைக் கழித்துக் கொண்டு கொடுத்தால் உங்கள் பெயரில் பாக்கி நிற்கும். எனவே கட்டணத்தை ஒன்று அந்த அலுவலகம் ஏற்க வேண்டும், இல்லை கட்டுபவர் தலையில் வைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. அரசுத் துறைகளுக்குக் கட்டும் பணத்தில் இந்தக் கூடுதல் கட்டணங்களை நீக்கும் நோக்கத்துடன் மத்திய அமைச்சரவை 2016 பிப்ரவரியிலேயே வழிமுறைகளை அங்கீகரித்தது. இருந்தும் கிரெடிட் கார்டில் இன்னும் பல இடங்களில் கட்டணம் தொடர்கிறது.

எந்த வழியில் எவ்வளவு?

ஒரே பில், ஒரே வெப்சைட், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழியைப் பொறுத்துத் தொகை மாறும். இதைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. பல வெப்சைட்டுகளில் கிரெடிட் கார்டு பகுதிதான் முதலில் திறந்து நிற்கும். பெரியப்பாவும் அதைப் பார்த்துத்தான் கார்டை எடுத்தார்.

கிரெடிட் கார்டுக்கான எம்.டி.ஆருக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. டெபிட் கார்டுக்கு வைத்திருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் அமலான விதிப்படி, ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வணிகர் என்றால் 0.40 சதவீதம், அதிகபட்சம் 200 ரூபாய். அதற்கு மேல் என்றால் 0.90 சதவீதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். அடுத்து வந்த மாற்றம்தான் நமக்கு முக்கியம். 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் எம்.டி.ஆர். கிடையாது என்று அறிவித்தார்கள். (யு.பி.ஐ. நடத்துவதற்கும் செலவு உண்டு. 2024-25 நிதியாண்டில் சிறு வணிகர்களின் 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைகளுக்காக 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ‘இலவசம்’ என்பதற்குப் பின்னால் யாரோ ஒருவர் பில் கட்டிக் கொண்டுதான் இருக்கிறார்!)

உங்கள் பையில் இருக்கும் டெபிட் கார்டைத் திருப்பிப் பாருங்கள். ரூபே என்று போட்டிருக்கிறதா, விசா அல்லது மாஸ்டர்கார்டு என்று இருக்கிறதா? அந்தச் சின்ன முத்திரையில் சில நேரம் பணம் மிச்சமாகும்.

வருமான வரித் துறையின் வெப்சைட்டையே உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். அங்கே ‘இ-பே டாக்ஸ்’ பகுதியில் நெட் பேங்கிங், டெபிட் கார்டு, வங்கிக் கவுன்டர், ஆர்.டி.ஜி.எஸ்./நெஃப்ட், பேமென்ட் கேட்வே என்று பல வழிகள் இருக்கும். கேட்வே மூலம் கிரெடிட் கார்டில் கட்டினால் கட்டணம் உண்டு. அதே கேட்வேயில் ரூபே, யு.பி.ஐ. என்றால் கட்டணம் இல்லை. நெட் பேங்கிங் என்ற சொல் இரண்டு இடத்தில் வருவதையும் கவனியுங்கள். உங்கள் வங்கி அங்கீகரிக்கப்பட்ட வங்கிகளின் பட்டியலில் இருந்தால் நேராக அதைத் தேர்ந்தெடுங்கள். கேட்வே வழியாகச் சுற்றி அதே வங்கிக்குப் போனால் கட்டணம் விழலாம். பெரிய தொகையா? 2024 செப்டம்பரில் வரி கட்டுவதற்கான யு.பி.ஐ. வரம்பை 5 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். யு.பி.ஐ.யில் வங்கிக் கணக்கைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் கிரெடிட் கார்டை இணைத்திருந்தால் விதி வேறு.

ரயில் டிக்கெட் கதை

கட்டணம் சதவீதத்தில் இருப்பது ஒரு ரகம், நிலையான தொகையாக இருப்பது இன்னொரு ரகம். ஐ.ஆர்.சி.டி.சி. இரண்டாவது ரகம். 2016 நவம்பரில் பண மதிப்பு நீக்கத்தின்போது சேவைக் கட்டணத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் அது திரும்ப வந்தது. ஏ.சி. இல்லாத வகுப்புக்கு 15 ரூபாய், ஏ.சி. வகுப்புக்கு 30 ரூபாய். யு.பி.ஐ.யில் கட்டினால் 10 மற்றும் 20 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு யு.பி.ஐ.யில் 11 ரூபாய் 80 காசு, மற்ற வழிகளில் 17 ரூபாய் 70 காசு என்று வரும். கார்டுக்கான வங்கிக் கட்டணம் இதில் சேராது.

இது ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, டிக்கெட்டுக்கு இவ்வளவு. நான்கு பேர் போகிறீர்கள் என்றால் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். டிக்கெட்டை ரத்து செய்தால் இந்தக் கட்டணம் திரும்பி வராது.

நிலையான கட்டணம் சின்ன பில்லைக் கடிக்கும். 150 ரூபாய் பில்லுக்கு 15 ரூபாய் என்றால் 10 சதவீதம். 15,000 ரூபாய்க்கு அதே 15 ரூபாய் ஒன்றுமே இல்லை. சதவீதக் கட்டணம் நேர் எதிர். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக் கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்து விடும்.

“கிரெடிட் கார்டில் 45 நாள் வட்டி இல்லையே?”

நண்பர்கள் வழக்கமாகக் கேட்பது இது. 8,500 ரூபாயை 45 நாள் சேமிப்புக் கணக்கில் விட்டு வைத்தால், ஆண்டுக்கு 3 சதவீத வட்டி என்று வைத்துக் கொண்டாலும் கிடைப்பது சுமார் 31 ரூபாய். அதற்காக 100 ரூபாய் கொடுப்பதா? பாயின்ட் கிடைக்குமே என்பார்கள். வரி, அரசுக் கட்டணங்களுக்குப் பல கார்டுகளில் பாயின்ட் கிடையாது. போதாக்குறைக்கு 2024 முதல் சில வங்கிகள், கரன்ட், தண்ணீர் போன்ற பில்கள் மாதத்துக்குக் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் தாங்களே 1 சதவீதம் போடுகின்றன. இது வெப்சைட்டில் தெரியாது, கார்டு ஸ்டேட்மென்ட்டில்தான் தெரியும்.

ஆனால் கட்டணம் என்றாலே ஓட வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சியில் அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. 8,500 ரூபாய்க்கு அது 425 ரூபாய். கடைசி நாள், கையில் கார்டு தவிர வேறு வழி இல்லை என்றால் 100 ரூபாய் கொடுத்தும் கட்டலாம், லாபம்தான்.

இரண்டு ஜாக்கிரதைகள்

சர்ச் என்ஜினில் ‘கரன்ட் பில் கட்ட’ என்று டைப் செய்து முதலில் வரும் லிங்க்கை கிளிக் செய்யாதீர்கள். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். இடைத்தரகர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தைச் சேர்த்து வசூலிக்கலாம், அதை விட மோசமாக, மொத்தமும் போலியாக இருக்கலாம். பில்லில் அச்சடித்திருக்கும் முகவரியை நீங்களே டைப் செய்து, ஃபேவரிட்ஸில் சேமித்து வையுங்கள். பூட்டுப் படம் இருந்தால் நல்ல வெப்சைட் என்று நினைப்பதும் தவறு. தகவல் வழியில் யாரும் படிக்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று சொல்வதில்லை.

இரண்டாவது, பணம் போய் ரசீது வராமல் ஸ்க்ரீன் நின்று விட்டால் ரெஃப்ரெஷ் பட்டனைத் தட்டாதீர்கள், உடனே மறுபடியும் கட்டாதீர்கள். இரண்டு முறை வரி, இரண்டு முறை கட்டணம் போய் விடும். முதலில் வங்கிக் கணக்கையும், வெப்சைட்டில் பரிவர்த்தனை நிலையையும் பாருங்கள். கார்டோ யு.பி.ஐ.யோ, பணம் கழிந்தும் பெறுபவருக்கு உறுதி போகவில்லை என்றால் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி. வங்கிக்கு எழுதும்போது பரிவர்த்தனை எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

ரசீதை பி.டி.எஃப்.ஆக சேமித்த பிறகு ஒரு தடவை திறந்து பாருங்கள். பெரியப்பாவின் ரசீதில் 8,500 என்றுதான் இருந்தது. 100 ரூபாய் 30 காசு எங்கே என்று அவர் அரை மணி நேரம் தேடினார். அது கார்டு ஸ்டேட்மென்ட்டில் இருந்தது. அடுத்த அரையாண்டு வரியை நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஸ்க்ரீனில் வந்த க்யூ.ஆர். படத்தைப் போனில் பிடித்து அவரே கட்டினார். இந்த முறை முதல் 30 நாட்களுக்குள்.