தந்தை பெயர் எழுதாத குழந்தை

திருத்தங்கலில் நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், சேர்க்கைப் படிவத்தில் 'தந்தை பெயர்' என்னுமிடம் வந்ததும் தலைகவிழ்ந்த தாய்மார் சிலரைக் கண்டதுண்டு. தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த அவர்கள், மணமின்றிப் பிறந்த குழந்தைக்குச் சட்டத்தில் இடமில்லை என்றே நம்பினர். உண்மை அதுவன்று.

தன்னைக் காத்துக்கொள்ள இயலாத குழந்தைக்கு, பெற்றோர் மணந்தவராயினும் மணவாதவராயினும், பொருள் வசதியுள்ள தந்தை ஜீவனாம்சம் கொடுத்தே தீரவேண்டும். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்த இவ்விதி, 1973-இல் 125-ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக நிலவுகிறது. மாதம் 500 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பும் 2001-இல் நீங்கிற்று. ஆணையிட்ட தொகையைக் காரணமின்றிக் கொடாதவனுக்குச் சிறையும் உண்டு.

'என் குழந்தையன்று' என்று அவன் மறுத்தால்? கடிதங்களும் சாட்சிகளும் பேசும். மரபணுச் சோதனையும் உண்டு. ஆயினும் கேட்ட மாத்திரத்தில் இத்தகைய சோதனைக்கு ஆணையிடலாகாது, வலுவான முகாந்திரம் வேண்டும் என்று 1993-இல் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. தந்தை பெயரைக் கூறாமலே மணமாகாத தாய் குழந்தைக்குப் பிறப்புச் சான்று பெறலாம் என்பது அதே மன்றத்தின் 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வழக்காடப் பொருளில்லையே எனக் கலங்கவேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

எக்குழந்தையும் தன் பிறப்பைத் தேர்ந்து பிறப்பதில்லை. அதன் உணவும் கல்வியும் பிறர் இடும் பிச்சையல்ல, உரிமை. உங்கள் வகுப்பில் அத்தகைய தோழர் ஒருவர் இருப்பின், அவரை எள்ளாதீர்கள்; இச்செய்தியை அவர் இல்லத்திற்கு எட்டச் செய்யுங்கள்.