முதியோர் குடலும் மருந்துக்கு அடங்காக் கிருமிகளும்

முதுமைக்கெனத் தனியே உணவும் ஒழுக்கமும் வகுக்க வேண்டும் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பதினோராம் நூற்றாண்டில் இப்னு சீனா இயற்றிய ‘அல்கானூன் ஃபித்திப்’ என்னும் மருத்துவப் பெருநூலின் முதற்பகுதியிலேயே முதியோரைப் பேணும் முறை தனித்துப் பேசப்படுகின்றது. கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களை அப்பேரறிஞர் கண்டிருக்க வழியில்லை. ஆயினும் முதியவரின் நலத்தை அவர்தம் உணவோடு சேர்த்தே எண்ணினார். அவ்வெண்ணத்திற்கு இன்றைய அறிவியல் புதியதொரு விளக்கம் தருகின்றது.

குடல் வெறும் செரிமானக் குழாயன்று. கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கும் பேரூர் அது. நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருளை அவை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் முதலிய அமிலங்களை ஆக்குகின்றன. பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்குப் பியூட்டிரேட்டே தலையாய எரிபொருள். இதனினும் பெரிய உதவி ஒன்றுண்டு. அயற்கிருமி உள்ளே நுழைந்தால், தங்க இடமும் உண்ண இரையும் கிட்டாதபடி இவை நிறைந்திருக்கின்றன. ஆள் நடமாட்டம் மிக்க தெருவில் கள்வன் ஒளிய இடமேது?

ஆன்டிபயாடிக் என வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு நண்பரையும் பகைவரையும் பிரித்தறியத் தெரியாது. நெஞ்சுச் சளிக்கென விழுங்கிய மாத்திரை குடலிலும் தன் வேலையைச் செய்கின்றது. தெரு வெறுமையாகின்றது. அம்மருந்துக்கு அடங்காத கிருமி எஞ்சிப் பெருகுகின்றது. அத்துடன் நில்லாது, தன் எதிர்ப்பாற்றலுக்குரிய மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தின் வழியே வேற்றினப் பாக்டீரியாக்களுக்கும் ஈந்துவிடுகின்றது. வேண்டாத இடத்தில் நிகழும் வள்ளன்மை!

இந்நிலை முதியோர் பராமரிப்பு இல்லங்களில் மிகுதியாகக் காணப்படுவதேன்? அயர்லாந்து நாட்டின் கார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 178 முதியோரை ஆராய்ந்து, 2012-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒளி தருகின்றது. தத்தம் வீடுகளில் வாழ்வோரைவிட, பராமரிப்பு இல்லங்களில் நெடுங்காலம் தங்கியோரின் குடற்பாக்டீரியாக்களில் வகை குறைந்திருந்தது. அவர்தம் உணவிலும் வகை குறைந்திருந்தது. உடல் தளர்ச்சியோ மிகுந்திருந்தது. தளர்ச்சியால் உணவு சுருங்கிற்றா, உணவு சுருங்கியதால் தளர்ச்சி வந்ததா என வினவலாம். ஒன்றை மற்றொன்று வளர்க்கின்றது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

இவ்வாறு ஏற்கெனவே மெலிந்த குடலின்மீதுதான் மருந்தும் பொழிகின்றது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் ஓராண்டிற்குள் 70 விழுக்காட்டினர் வரை ஒரு முறையேனும் ஆன்டிபயாடிக் பெறுகின்றனர் என்றும், அவற்றுள் 40 முதல் 75 விழுக்காடு தேவையற்றதாகவோ பொருத்தமற்றதாகவோ இருக்கலாம் என்றும் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2015-இல் தெரிவித்தது.

இதற்கு ஒரு முதன்மைக் காரணம் சிறுநீர்ச் சோதனை. பராமரிப்பு இல்லங்களில் வாழும் பெண்களில் 25 முதல் 50 விழுக்காட்டினர்க்கும், ஆண்களில் 15 முதல் 40 விழுக்காட்டினர்க்கும், எத்தொல்லையும் இன்றியே சிறுநீரில் பாக்டீரியா காணப்படும். அது நோயன்று, மருந்து வேண்டுவதில்லை என்பதே மருத்துவ அறிஞர்தம் நெறி. நடப்பதோ வேறு. பெரியவர் சற்றே குழம்பிப் பேசினால் சோதனை, சோதனையில் பாக்டீரியா, உடனே மாத்திரை. உடலில் நீர் வற்றியதா, உறக்கம் கெட்டதா, வேறு மருந்தின் விளைவா என்று முதலில் ஆராய்வார் சிலரே. வீட்டில் பெற்றோரைப் பேணும் நமக்கும் இது பொருந்தும். மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது என்பதை உணர்த்தவே மாத்திரை அட்டைகளில் செங்குத்தான சிவப்புக்கோடு இடப்படுகின்றது. அது குறித்த விழிப்புணர்வு இயக்கம் நம் நாட்டில் 2016-இல் தொடங்கப்பெற்றது.

வெறுமையான குடலில் குடியேறும் கிருமிகளுள் கொடியது குளோஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கி, முதியோரின் உயிரையே பறிக்க வல்லது. இதன் வித்துகள் கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் பன்னாள் உயிர்த்திருக்கும். ஆல்கஹால் கலந்த கைத்தூய்மி அவற்றைக் கொல்வதில்லை. சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவினாலன்றிக் கையைவிட்டு அகலா. மீண்டும் மீண்டும் இந்நோய்க்கு ஆளானோர்க்கு, நலமுடையார் ஒருவரின் மலத்திலுள்ள பாக்டீரியாக்களைக் குடலிற் செலுத்தும் சிகிச்சை, வான்கோமைசின் மருந்தினும் மிகுந்த பயன் தந்ததென நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினர். கேட்க அருவருப்பாயினும், அச்சிகிச்சை செய்வது வெறுமையான ஊரில் பழைய குடிகளை மீண்டும் அமர்த்துவதேயாகும்.