வானத்திலும் பேசும் விரல்கள்

விமானப் பயணத்தில் புறப்பாட்டு வாயில் மாறினாலும், நடுவானில் விமானம் குலுங்கினாலும் ஒலிபெருக்கியில்தான் அறிவிப்பு வரும். காது கேளாதோர்க்கு அது எட்டாது. ஆகவே, கே.எல்.ஐ.ஏ.வில் குழுவாகக் காத்திருக்கும்போது ஒருவர் கண்ணாவது தகவல் திரையில் இருக்க வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும்போதே தெரிவித்துவிட்டால், பணியாளர்கள் நேரில் வந்து எழுதிக் காட்ட முடியும்.

எஞ்சின் இரைச்சல் சைகைப் பேச்சைத் தடுக்காது, இருள்தான் தடுக்கும். நீண்ட இரவுப் பயணத்தில் விளக்குகளை அணைத்தபின், இருக்கைக்கு மேலுள்ள சிறு விளக்கே துணை.

சைகை மொழி உலகெங்கும் ஒன்றன்று. மலேசிய சைகை மொழியை 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதிகாரத்துவச் சைகை மொழியாக அங்கீகரித்தது. பிரிக்பீல்ட்ஸ் ஒய்.எம்.சி.ஏ. அதற்கு வகுப்புகள் நடத்தி வந்துள்ளது. தாய்மொழிக்குக் கழகம் அமைத்த நாம், அம்மொழியில் நான்கு சைகைகளாவது கற்போமே!